இரண்டு விரல் குறைவாக

முதலில் ரசம்தான் சொன்னது.
மஹ்பூலாவில் கிளம்பும்போது மூடி காய்ந்திருக்கும்.
மினா அப்துல்லா கேம்ப் வாசலில்
டிக்கியைத் திறந்தால்
விரித்த அரபிப் பேப்பர் முழுக்கப்
புளியும் மிளகும்.
மூடி சரியில்லை என்றேன்.
கால் தினாருக்கு ரப்பர் வளையம் மாற்றினேன்.
அப்புறம் ரோடு சரியில்லை என்றேன்.

ரோடு அப்படியேதான் இருந்தது.
நாலு வருஷமாய் அதே வேகத்தடைகள்,
மசூதி தாண்டி ஒன்று, பக்காலா முன்னால் ஒன்று.
முன்பெல்லாம் வண்டி ஏறும், இறங்கும், போய்விடும்.
இப்போது இறங்கின பிறகும்
இன்னொரு தடவை இறங்கியது.
அதற்கப்புறமும் எதையோ யோசித்துக்கொண்டே வந்தது.

பிரேக் மிதித்தால்
மூக்கால் தார் முகர்கிற மாதிரி ஒரு குனிவு.
நாற்பதாம் எண் சாலையில் தூசிக்காற்று அடித்தால்
ஸ்டியரிங் நேராக இருக்கும்,
வால் இருக்காது.
பின் டயரில் கையை ஓட்டினேன்.
அரைகுறையாய்த் துருவிய தேங்காய்மூடி போல
மேடு, பள்ளம், மேடு.

எல்லாம் தெரிந்துதான் இருந்தது.
தெரிவதற்கும் ஒத்துக்கொள்வதற்கும் நடுவில்
முப்பத்தாறு தினார் இருந்தது.

வெல்டர் செல்வின்ராஜ் ஒருநாள்
தூக்கை ஆட்டிப் பார்த்துவிட்டு
"அண்ணே, சாம்பார் குறையுதே" என்றான்.
சிந்தினதைச் சொல்கிறான் என்று நினைத்தேன்.
டிக்கியில் பேப்பர் காய்ந்து கிடந்தது.
ஒரு சொட்டு இல்லை.

மறுநாள் விடியுமுன் அடுப்படியில் நின்று கவனித்தேன்.
ஜெபசீலி சாம்பாரை ஊற்றுகிறாள்,
விளிம்புக்கு இரண்டு விரல் கீழே நிறுத்துகிறாள்.
ரசத்துக்கு மூன்று.
எப்போதிலிருந்து?
"நோம்பு முடிஞ்சதிலேர்ந்து" என்றாள்,
கரண்டியைக் கழுவிக்கொண்டே.
"வண்டி துள்ளுதுல்ல."

அந்த வண்டியில் அவள் ஏறியே
ரெண்டு மாசம் இருக்கும்.

ஷுவைக் ஒர்க்‌ஷாப்பில் குல்சமீர்
கேள்வி எதுவும் கேட்கவில்லை.
பின் மூலையில் இரண்டு கையையும் ஊன்றி
தன் கனம் முழுதும் போட்டு அமுக்கினான்,
விட்டான்.
ஏக், என்றான். தோ. தீன்.
ஒன்றோடு நிற்க வேண்டும் என்று
ஒரு விரலைக் காட்டினான்.
வண்டி அப்போதும் நின்றபாடில்லை,
முதலாளி போன பிறகும்
தலையாட்டிக்கொண்டே நிற்கிற ஆள் மாதிரி.

அடியில் படுத்து டார்ச் அடித்தான்.
குழாய் நெடுக எண்ணெய் கசிந்து,
எண்ணெய்மேல் பாலைப்புழுதி அப்பி,
இரண்டு ஷாக் அப்சார்பரும் ஈரக் கறுப்பு.
பாரம் தாங்குவது ஸ்பிரிங், இதில்லை என்று
எனக்கு வந்த இந்தியில் விளங்கிக்கொண்டேன்.
இதற்கு வேலை ஒன்றே ஒன்று.
போன பள்ளத்தைப்
போன இடத்திலேயே விட்டுவரச் செய்வது.

பின்னால் இரண்டையும் மாற்றினான்.
கூலியில் ஒரு தினார் குறைத்தான்.
பழசைக் கையில் கொடுத்தான்.
தரையில் ஊன்றி அமுக்கினேன், உள்ளே போனது.
திரும்பி வரவில்லை.

மறுநாள் விளிம்புவரை ஊற்றச் சொன்னேன்.
ஜெபசீலி ஊற்றினாள்.
கொஞ்ச நேரம் பார்த்தாள்.
ஒரு கரண்டி திருப்பி எடுத்துக்கொண்டாள்.

பக்காலா வேகத்தடையில்
வேண்டுமென்றே கொஞ்சம் வேகமாய் ஏறினேன்.
ஏக்.
அவ்வளவுதான்.

செல்வின்ராஜ் மூடியைத் திறந்தான்.
"இன்னிக்கு என்ன விசேஷம்ணே?"
ஒண்ணுமில்ல என்றேன்.

டயரில் விழுந்த மேடுபள்ளம் போகாது,
அதன் முனகல் கூடவே வருகிறது.
சிக்னலில் மூக்கு இன்னும் குனிகிறது.
முன்னால் ரெண்டும் அடுத்த மாசம்,
கேம்ப்பில் சம்பளம் போட்டு
எல்லாரும் மெஸ் பாக்கி கொடுத்தால்.